ஹூஸ்டன் நாசாவில் பழைய மிஷன் கன்ட்ரோல் அறை டூர்: கட்டாயம் போங்கள், ஆனால் அப்பல்லோ 12 கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

ஹூஸ்டனுக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலையும் நாசாவையும் காட்டாமல் திருப்பி அனுப்ப முடியாது. நாசா என்று நாம் பொதுவாகச் சொல்வது ஸ்பேஸ் சென்டர் ஹூஸ்டன் என்கிற பார்வையாளர் மையத்தைத்தான். நிஜமான ஜான்சன் விண்வெளி மையம் அதை ஒட்டி இருக்கிறது, அதற்குள் டிராமில் கூட்டிப்போவார்கள். டிராம் டூர்களிலும் வகை உண்டு, அதில் ஒன்று அப்பல்லோ காலத்தில் நிலவுப் பயணங்களைத் தரையிலிருந்து இயக்கிய மிஷன் கன்ட்ரோல் அறைக்குப் போவது. ஒரு டூருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் பார்த்துவிடுங்கள், விடுமுறை நாளில் நேரில் போய் நின்றால் இடம் கிடைப்பது சிரமம்.

முதலில் படிக்கட்டைச் சொல்லிவிடுகிறேன், வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அதுதான் முக்கியம். 87 படிகள். மூட்டுவலி உள்ளவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் லிஃப்ட் வசதியைப் பற்றி முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறினால் கண்ணாடிக்குப் பின்னால் பார்வையாளர் மாடம், அந்தக் காலத்தில் வீரர்களின் குடும்பத்தாரும் பெரிய மனிதர்களும் உட்கார்ந்த அதே இடம். நாற்காலிகளின் முதுகுப்புறத்தில் சின்னச் சின்ன ஆஷ்ட்ரே இருக்கும், கவனித்துப் பாருங்கள். கீழே நான்கு வரிசையாகப் பச்சை நிறக் கன்சோல்கள், அதன் மேல் காபிக் கோப்பை, சிகரெட் சாம்பல் கிண்ணம், ஹெட்செட், தடி தடியான ஃபைல்கள், யாரோ இப்போதுதான் எழுந்து டீ குடிக்கப் போன மாதிரி. பயணங்களைத் தரையிலிருந்து நடத்தும் ஃப்ளைட் டைரக்டராக இருந்த ஜீன் கிரான்ஸ் முன்னின்று பாடுபட்டு, நிலவில் இறங்கிய 50ஆம் ஆண்டை ஒட்டி 2019 ஜூலையில் இந்த அறையை 1969இல் இருந்தபடியே மீட்டுத் திறந்தார்கள். கம்பளம், சுவர்த்தாள் வரைக்கும் பழையபடி செய்திருக்கிறார்கள். இந்த உழைப்புக்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

விளக்கு அணைந்ததும் கன்சோல்கள் ஒவ்வொன்றாக ஒளிரும், முன்னால் உள்ள பெரிய திரைகளில் அப்பல்லோ 11 இறங்கும் காட்சி, அன்றைக்குப் பேசிய குரல்கள். முடிவு தெரிந்த கதைதான், இருந்தும் கை சில்லிட்டுவிடும். குழந்தைகள்கூட வாயைத் திறக்காமல் பார்த்தார்கள். காட்சியாக இதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

என் குறை வேறு. இந்த அறை வெற்றி மட்டும் நடந்த அறை இல்லை. அப்பல்லோ 12ஐயும் இங்கே இருந்துதான் இயக்கினார்கள், அடுத்த ஆண்டு அப்பல்லோ 13ஐயும். ஆபத்து வந்தால் அதை விண்ணில் இருக்கும் வீரர்களிடம் சொல்வதா வேண்டாமா என்ற கேள்விக்கு, ஐந்தே மாத இடைவெளியில் இரண்டு விதமான விடை கிடைத்தது இதே நாற்காலிகளில்தான். அதைத் தெரிந்துகொண்டு இங்கே உட்கார்ந்தால் அறையே வேறு மாதிரித் தெரியும்.

அப்பல்லோ 12 கிளம்பியது 1969 நவம்பர் 14. மழை நாள். கிளம்பிய 36ஆவது விநாடியில் ஒரு மின்னல், 52ஆவது விநாடியில் இன்னொன்று, ராக்கெட்டின் மேலேயே விழுந்தது. கலத்துக்குள் எச்சரிக்கை விளக்குகள் மொத்தமும் எரிய, தரையில் திரைகளில் வந்த எண்கள் எல்லாம் தாறுமாறு. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த 26 வயது ஜான் ஏரன், "எஸ்சிஇ டு ஆக்ஸ்" (எண்களைச் சீராக்கி அனுப்பும் கருவியை மாற்று மின்சாரத்துக்கு மாற்று) என்று ஒரு சுவிட்சைப் போடச் சொன்னார், அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கலத்தில் இருந்த ஆலன் பீனுக்குத் தெரிந்திருந்தது, பயணம் பிழைத்தது. விண்வெளி ஆர்வலர்கள் எல்லாருக்கும் பிடித்த கதை இது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை. பாராசூட்டை வெளியே தள்ளிவிடச் சின்ன வெடிமருந்து அமைப்புகள் உண்டு, மின்னல் அவற்றைக் கெடுத்திருக்குமோ என்ற சந்தேகம் தரையில் இருந்தவர்களுக்கு வந்தது. கெட்டிருந்தால் திரும்பி வரும்போது பாராசூட் விரியாது, கடலில் மோதி மூன்று பேரும் இறந்துவிடுவார்கள். அதைச் சோதித்துப் பார்க்க வழி கிடையாது. பாராசூட் போயிருந்தால் இன்றைக்கே திரும்பினாலும் சாவுதான், நிலவுக்குப் போய்விட்டு வந்தாலும் சாவுதான், ஆகவே போகட்டும் என்று முடிவு செய்தார்கள். இந்தச் சந்தேகத்தை வீரர்கள் கான்ராட், கோர்டன், பீன் மூவரிடமும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து பாராசூட் ஒழுங்காக விரிந்து அவர்கள் பத்திரமாகக் கடலில் இறங்கினார்கள்.

சொல்லாமல் இருக்கலாம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. செய்வதற்கு உண்மையிலேயே எதுவும் இல்லை, சொல்லியிருந்தால் பத்து நாளும் அதே நினைப்பாக இருந்திருக்கும், நிலவில் நடக்கும்போது கவனம் சிதறியிருக்கலாம். இந்த வாதத்தை நான் லேசாக ஒதுக்கவில்லை. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. நிலவுக்குப் போவதா திரும்புவதா என்ற கணக்கு பீட் கான்ராடுக்கும் போடத் தெரியும், கடற்படையின் டெஸ்ட் பைலட் அவர். அவரும் பெரும்பாலும் போகலாம் என்றே சொல்லியிருப்பார். தன் உயிரை வைத்து எடுக்கும் முடிவை அவரே எடுத்திருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம், எனக்கு அது பெரிய வித்தியாசம். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும் வாய்ப்பு இருந்திருக்கும்.

என்னோடு வந்திருந்தவர் என் மாமனார், தெற்கு ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிராமில் திரும்பும்போது இந்தக் கதையைச் சொன்னேன். "டிரைவர்கிட்ட சொல்லாமலா வண்டிய விட்டாங்க மாப்பிள்ளை?" என்றார். "செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு விட்டுட்டாங்க மாமா" என்றேன். "ஒண்ணும் இல்லைன்னு முடிவு பண்ண இவங்க யாரு? தண்டவாளத்துல பிரச்சினைன்னா காஷன் ஆர்டரைக் கையில குடுத்து, அவர்கிட்ட கையெழுத்து வாங்கினப்புறம்தான் வண்டி நகரும். வண்டில உட்கார்ந்திருக்கிறது அவரு" என்றார். ரயில்வேயில் அது எழுதி வைத்த விதி. எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தாளில் எழுதி ஓட்டுநரிடம் கொடுப்பார்கள், அவர் படித்துக் கையெழுத்துப் போடுவார், வாய்ச்சொல்லோடு விடமாட்டார்கள். விண்வெளியிலும் இதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

அப்பல்லோ 13இல் தேர்வு செய்யும் பேச்சுக்கே இடமில்லை, 1970 ஏப்ரல் 13 அன்று ஆக்சிஜன் தொட்டி வெடித்த சத்தத்தை வீரர்களே கேட்டார்கள். அதனால் அன்று இந்த அறை முழுக்க அவர்களோடு சேர்ந்து வேலை செய்தது. கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போனபோது, கையில் இருந்த பிளாஸ்டிக் பை, அட்டை, டேப், விண்வெளி உடையின் குழாய் இவற்றை வைத்து ஒரு வடிகட்டி செய்யும் முறையைத் தரையில் கண்டுபிடித்து, வரி வரியாக மேலே வாசித்தார்கள், அவர்கள் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். லோவெல், ஸ்விகர்ட், ஹெய்ஸ் மூவரும் தங்கள் நிலவு இறங்கு கலமான அக்வேரியஸில் இருந்த ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை, தங்களைக் காப்பாற்றியவர்களின் முகத்தை இது காட்டட்டும் என்று எழுதி இந்த அறைக்கே கொடுத்தார்கள். வழிகாட்டியிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

வீரர்களிடம் சொல்லாமல் விடும் வழக்கம் எங்கே தொடங்கியது என்று பார்த்தால் 1962க்குப் போக வேண்டும், ஹூஸ்டன் அறை அப்போது இல்லை, கேப் கனாவரலில் இருந்து இயக்கினார்கள். பிப்ரவரி 20, ஜான் கிளென் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவருடைய வெப்பக் கவசம் கழன்றிருக்கலாம் என்று ஒரு சமிக்ஞை வந்தது. அவரிடம் சொல்லவில்லை. கவசத்துக்குப் பின்னால் மடித்து வைத்த காற்றுப்பையான லேண்டிங் பேக்கின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா, ஏதாவது தட்டும் சத்தம் கேட்கிறதா என்று ஒரு நிலையம் மாற்றி ஒரு நிலையம் கேட்டுக்கொண்டே இருந்தது. கிளென் அதை வைத்தே விஷயத்தை ஊகித்துவிட்டார். கவசத்தைப் பிடித்து வைக்கும் என்று, பின்னோக்கி உந்தும் ராக்கெட் தொகுதியைக் கழற்றாமல் இறங்கச் சொன்னபோது காரணம் கேட்டார், முதலில் காரணம் கிடைக்கவில்லை, கடைசி நேரத்தில்தான் சொன்னார்கள். அந்தத் தொகுதி எரிந்து துண்டு துண்டாக ஜன்னலைத் தாண்டிப் பறந்தபோது, போவது கவசமா வேறு ஏதாவதா என்று அவருக்குத் தெரியாது. கடைசியில் கவசம் நன்றாகத்தான் இருந்தது, சென்சார் கொடுத்தது பொய்த் தகவல். விமானியிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று பிறகு அவர் உறுதியாகச் சொன்னார். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது கொலம்பியா, 2003இல் ஏழு பேரோடு பூமிக்குத் திரும்பும்போது சிதறிய விண்வெளி ஓடம். இதைப் பற்றி எழுதாமல் இந்த டூரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நம் ஊரில் கல்பனா சாவ்லா பெயரை அறியாத பள்ளிப் பிள்ளை இல்லை, அவருடைய முடிவைப் பற்றித் தப்பான ஒரு செய்தியும் பரவிக்கொண்டே இருக்கிறது. "நாசாவுக்கு அவர்கள் சாகப்போவது தெரியும், தெரிந்தே மறைத்தார்கள்" என்பது அந்தச் செய்தி. உண்மை அப்படி இல்லை. உண்மை எனக்கு அதைவிட மோசமாகப் படுகிறது.

2003 ஜனவரி 16 அன்று கிளம்பி 82ஆவது விநாடிவாக்கில், வெளி எரிபொருள் தொட்டியின் மேல் பூசியிருந்த நுரைக் காப்பிலிருந்து பெயர்ந்த ஃபோம் துண்டு ஒன்று இடது இறக்கையின் முன் விளிம்பில் மோதியது. முக்கால் கிலோ அளவுதான் எடை, ஆனால் மோதிய வேகம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல். மறுநாளே வீடியோவில் பார்த்துவிட்டார்கள். ராணுவத்தின் கேமராக்களை வைத்து இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டார்கள், ஒரு முறை அல்ல, மூன்று முறை. படம் எடுக்கவே இல்லை. ராட்னி ரோச்சா என்ற பொறியாளர், இது பொறுப்பற்ற முடிவு, பாதுகாப்பில்லை என்றால் சொல் என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிறோமே என்று ஒரு மின்னஞ்சல் எழுதினார், அச்செடுத்து சக ஊழியரிடம் காட்டினார், மேலதிகாரிகளுக்கு அனுப்பவில்லை.

கலத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் போனது ஜனவரி 23 அன்று. கமாண்டர் ரிக் ஹஸ்பண்டுக்கும் பைலட் மெக்கூலுக்கும் ஒரு ஃப்ளைட் டைரக்டர் அனுப்பிய மின்னஞ்சல், நிருபர்கள் கேட்டால் திகைக்க வேண்டாம் என்பதற்காக. ஏதோ மோதியது, நிபுணர்கள் பார்த்துவிட்டார்கள், பூமிக்குத் திரும்புவதில் துளியும் கவலை இல்லை என்று அதில் இருந்தது. ஹஸ்பண்ட் நன்றி சொல்லிப் பதில் அனுப்பினார். எழுதியவர் பொய் சொல்லவில்லை, அவர் அதை நம்பினார். சரி, அவர் நம்பியதற்கு ஆதாரம் என்ன? யாரும் போய்ப் பார்க்காததுதான். பிப்ரவரி 1 காலை, தரையிறங்க ஏறக்குறைய 16 நிமிடம் இருக்கும்போது ஹஸ்பண்டின் குரல் பாதி வார்த்தையில் நின்றது. ஜூலையில் சான் அன்டோனியோவில் அதே மாதிரி ஃபோமை அதே மாதிரி இறக்கைப் பலகையின் மேல் சுட்டுப் பார்த்தபோது 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

பிறகு நாசாவின் வெய்ன் ஹேல் 2013இல் தன் வலைப்பதிவில் ஒரு உரையாடலை எழுதினார். கொலம்பியா மேலே இருந்த அந்த நாட்களில், மிஷன் ஆபரேஷன்ஸ் இயக்குநராக இருந்தவர் அவரிடம், வெப்பக் கவசம் சேதமாகியிருந்தால் நாம் செய்ய ஒன்றும் இல்லை, தெரியாமல் இருப்பதே நல்லது, காற்று தீரும் வரை சாவை எதிர்பார்த்துக்கொண்டு சுற்றுவதைவிட சந்தோஷமாகப் பயணத்தை முடித்து எதிர்பாராமல் இறப்பது மேல் இல்லையா என்ற பொருளில் கேட்டாராம். அப்போது சேதம் உறுதியாகத் தெரிந்த விஷயம் இல்லை, ஒரு அனுமானத்தின் மேல் நடந்த பேச்சு. அந்தப் பேச்சில் கருணை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் செய்ய ஒன்றும் இல்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், படம் எடுத்துப் பார்ப்பது வீண் வேலையாகத் தோன்றிவிடுகிறது. பார்க்காததால் தெரியவில்லை, தெரியாததால் எதையும் முயலவில்லை.

செய்ய ஒன்றும் இல்லை என்பதும் சரியில்லை. அட்மிரல் கெஹ்மன் தலைமையிலான விசாரணைக் குழு 2003 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையின் ஆறாவது அத்தியாயத்தைப் படியுங்கள். இன்னொரு ஓடமான அட்லாண்டிஸ் மார்ச் 1 பயணத்துக்காக ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. இரவு பகலாக வேலை செய்திருந்தால் பிப்ரவரி 10 வாக்கில் அதை மீட்புக்கு ஏவியிருக்கலாம். கொலம்பியாவில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாக்கள் பிப்ரவரி 15 வரை தாங்கியிருக்கும். இடையில் ஐந்து நாள். கஷ்டமான வேலை, பல விஷயங்கள் கூடிவர வேண்டும், ஆனால் முடியாத காரியம் இல்லை என்பது அவர்களின் முடிவு. இறக்கை ஓட்டைக்குள் உலோகச் சாமான்களையும் தண்ணீர்ப் பையையும் திணித்து உறைய வைத்து இறங்கிப் பார்ப்பது என்ற இன்னொரு வழியையும் ஆராய்ந்தார்கள், அதில் ஆபத்து ரொம்ப அதிகம்.

அந்தப் பிப்ரவரி 15 கணக்கு நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைப் படித்தபோதுதான் எனக்கு இந்த விஷயத்தில் சந்தேகமே இல்லாமல் போனது. ஏழு பேரும் ஆரம்பத்திலேயே ஆராய்ச்சி வேலைகளை நிறுத்தி, உடம்பை அசைக்காமல், அதிகம் தூங்கி, மூச்சை மிச்சப்படுத்தியிருக்க வேண்டும். வெளியே போய் இறக்கையைப் பார்ப்பதென்றாலும் அதற்குப் பயிற்சி எடுத்திருந்த ஆண்டர்சனும் பிரவுனும்தான் போயிருக்க வேண்டும். அதாவது அவர்களிடம் சொல்லாமல் அவர்களைக் காப்பாற்றவே முடியாது. சொல்வது காப்பாற்றும் வேலையின் முதல் படி. ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் அந்த டப்பாக்கள் தீர்ந்துகொண்டிருந்தன.

சொன்னால் வீரர்கள் பதறிவிடுவார்கள் என்கிறவர்கள் 1988 டிசம்பரில் பறந்த அட்லாண்டிஸைப் பார்க்க வேண்டும். அப்போது தரையில் இருந்தவர்கள் ரோபோ கையின் கேமராவை வைத்து அடிப்பகுதியைப் பார்க்கச் சொன்னார்கள். கமாண்டர் ஹூட் கிப்சன் பார்த்ததும் நாம் செத்தோம் என்றே நினைத்தார், வெப்பத்தைத் தடுக்கும் டைல்ஸ் அவ்வளவு நொறுங்கியிருந்தன. ராணுவ ரகசியப் பயணம் என்பதால் தெளிவில்லாத படம்தான் கீழே போனது, அதைப் பார்த்த தரை பெரிய சேதம் இல்லை என்றது. கிப்சன் நம்பவில்லை, இருந்தும் வேலையை விடவில்லை, இறங்கும்போது எந்தக் கருவியின் முள் அசைந்தால் வலது பக்கம் சேதமாகிறது என்று அர்த்தம் என்பதைக் கணக்குப் போட்டு அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். 700க்கும் மேற்பட்ட டைல்ஸ் சேதம், ஒன்று முழுசாகவே காணோம். அந்த இடத்துக்கு உள்ளே ஆன்டெனாவுக்கான தடித்த உலோகத் தகடு இருந்ததால் பிழைத்தார்கள். சாவைக் கண்ணால் பார்த்துவிட்டும் ஒருவர்கூடக் கை நடுங்கி உட்காரவில்லை.

கொலம்பியாவுக்குப் பிறகு நிலைமை மாறியது, அதையும் சொல்ல வேண்டும். 2005இல் டிஸ்கவரி ஓடம் பறந்தபோது நீண்ட கம்பில் கேமராவைக் கட்டி இறக்கை முழுவதையும் பார்த்தார்கள், பிதுங்கி நின்ற இரண்டு துணிப் பட்டைகளை ஸ்டீவ் ராபின்சன் கலத்தின் அடியில் போய்க் கையால் உருவி எடுத்தார். 2009இல் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போனபோது மீட்புக்காக எண்டவர் இன்னொரு ஏவுதளத்தில் தயாராக நின்றது. 2022 டிசம்பரில் சோயுஸ் கலத்தில் குளிரூட்டி கசிந்தபோது, அதில் வந்து விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த மூவருக்கும் எல்லாம் தெரியும், மாற்றுக் கலம் அனுப்பினார்கள், ஃப்ராங்க் ரூபியோ 371 நாள் இருந்துவிட்டுத் திரும்பினார். ஒரு நாள் இந்தியாவின் ககன்யான் மனிதர்களோடு கிளம்பும், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் அதற்குத் தேர்வான நால்வரில் ஒருவர். தெரிந்ததைத் தெரிந்த நேரத்தில் சொல்வது என்பதை இஸ்ரோ முதல் பயணத்துக்கு முன்பே எழுதி வைத்த விதியாக ஆக்கிவிட வேண்டும் என்பது என் ஆசை.

டூருக்கு வருகிறேன். நாற்காலி, ஒலி, ஒளி எல்லாம் அருமை, ஏசி மட்டும் குளிர், பெரியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துப் போங்கள். முன் வரிசை கிடைத்தால் கன்சோல்களின் மேல் உள்ள சாமான்கள் தெளிவாகத் தெரியும். வீரர்கள் நினைவாக மரம் நட்ட தோப்பு ஒன்று வளாகத்துக்குள் இருக்கிறது, கொலம்பியாவின் ஏழு பேருக்கும் அங்கே மரம் உண்டு. ராக்கெட் பார்க்கில் படுத்திருக்கும் சாட்டர்ன் 5ஐயும் விட்டுவிடாதீர்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அறை நன்றாகப் பிடிக்கும், அதற்குச் சின்னவர்கள் என்றால் மையத்திலேயே விளையாட நிறைய இருக்கிறது.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். மீதி அரை, நிகழ்ச்சியின் கடைசியில் ஒரு ஐந்து நிமிடம் அப்பல்லோ 12இன் பாராசூட் முடிவைப் பற்றிப் பேசி, நீங்கள் அந்த இரண்டாவது வரிசையில் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா என்று பார்வையாளர்களிடம் கேட்டால் கிடைக்கும். கருத்துப் படிவத்தில் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன், நீங்கள் போனாலும் எழுதிக் கொடுங்கள்.